துரைசாணியின் தீனிப்பை

திங்கட்கிழமை காலை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் டொரத்தி கோழிக்கூண்டைத் திறந்தாள். எல்லாக் கோழிகளும் விழுந்தடித்து ஓடிவந்தன. துரைசாணி மட்டும் வரவில்லை.

ஒய்யாரமாக நடக்கும் வெள்ளைக் கோழி அது. இன்று கழுத்தை இழுத்துக்கொண்டு மூலையில் நின்றது. கழுத்தடியில் தீனிப்பை பந்து மாதிரி வீங்கியிருந்தது.

"ராத்திரி ஒண்ணும் தின்னலியேம்மா! ஏன் பை காலியாகல?"

அம்மா அதன் அலகைத் திறந்து பார்த்தார். உள்ளே வெள்ளைத் திட்டுகள். "அடடா, பூஞ்சணம்! மத்ததுக்கும் வந்துட்டா?"

ரயில்வே பட்டறை வேலைக்குக் கிளம்பிய அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வியாழன் வரைக்கும் பார்ப்போம். தேறலன்னா அறுத்துப் புதைச்சிடணும்."

டொரத்தி கூண்டருகே உட்கார்ந்தாள். கோழியை மடியில் வைத்துக்கொண்டாள். அது ஏவ்வென்று ஒரு ஏப்பம் விட்டது.

"அம்மா, மோந்து பாருங்க!"

"சீ, போடி!"

"நம்ம ஆப்ப மாவு வாசம்மா! கள்ளு ஊத்தினா மாவு சட்டியில பொங்கும்ல? அது மாதிரி இதோட பைக்குள்ளயும் பொங்குதுலா! யாரு மாவு வச்சது?"

"நான் வைக்கல."

"நானும் வைக்கல."

இருவரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் பூட்ஸ் கயிற்றை வெகுநேரமாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை மிச்ச மாவுதானே... கொஞ்சம் வைப்பேன்."

"கொஞ்சம்னா?"

"ஒரு மங்குக் கிண்ணம். நேத்து ரெண்டு. மாதா கோயில் பூசைக்குப் போறப்ப பாவமா பார்த்துச்சு."

"அந்தப் பாவத்துக்குத்தான் இப்ப வயிறு உப்பிக் கிடக்கு!" என்றார் அம்மா.

டொரத்தி கோழியைத் தனிக்கூடையில் விட்டாள். தீனித்தட்டைக் கொதிநீரில் கழுவி வெயிலில் காயவைத்தாள். அன்று தீனியே இல்லை. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் மட்டும். பையை மெல்ல, மெல்லத் தடவிக்கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை ஒரு கரண்டி புதுச்சோறு. புதன்கிழமை இரண்டு.

வியாழன் விடிந்தது. அப்பா வாசலிலேயே நின்றார்.

"டொரத்தி... எப்படிம்மா இருக்கு?"

"நீங்களே தொட்டுப் பாருங்கப்பா."

இரும்பு பிடித்துக் காய்த்துப்போன விரல். குந்தி உட்கார்ந்து அதை மெல்ல நீட்டித் தொட்டார். வீக்கம் இல்லை. பை காலியாக இருந்தது. துரைசாணி கொக்கரித்தது.

"கோவமா இருக்குதா?"

"பசிக்குதுப்பா!"

டொரத்தி அவர் உள்ளங்கையில் ஒரு பிடி குருணை வைத்தாள். துரைசாணி ஒவ்வொன்றாகக் கொத்தத் தொடங்கியது.

வேலைக்கு அழைக்கும் பட்டறைச் சங்கு ஊதியது. கடைசிக் குருணை தீரும்வரை அப்பா எழுந்திருக்கவில்லை.