போனுக்குள் பெய்த மழை

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் 'கொசு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளும் ஒல்லி, குரலும் ஒல்லி. ஆனால் ஏதாவது ஒரு கேள்வி தோன்றிவிட்டால் போதும், பதில் கிடைக்கும்வரை காதருகே வந்து நச்சரிப்பாள்.

அன்று பிற்பகல் வீட்டில் கொசுவும் அவள் தம்பியும் மட்டும்தான் இருந்தார்கள். அம்மா வேலைக்குப் போயிருந்தார். அப்பாவுக்குத் தெருமுனையில் இருந்த உயரமான தண்ணீர்த் தொட்டியில் வேலை. மோட்டார் போடுவது, கிருமி சாக மருந்துத் தூள் கலப்பது எல்லாம் அவர்தான். ஒருமுறை அவருடைய போன் 'தொபுக்' என்று தொட்டிக்குள் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து, தொட்டி மேல் ஏறும் நாட்களில் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார்.

அந்தப் போன்தான் இப்போது 'டிங்' என்றது. தெருக்காரர்களின் குழுவில் ஒரு குரல் பதிவு வந்திருந்தது. கொசு அதைத் தட்டினாள்.

யாரோ ஓர் ஆள் மூச்சிரைக்கப் பேசினார். "நம்ம தண்ணித் தொட்டியில விஷம் கலந்துட்டாங்க! கலந்தவன் தொட்டி மேலதான் நிக்கிறான். இந்த நிமிஷம் தொட்டிக்குக் கீழ நின்னு, கண்ணால பாத்துட்டுத்தான் பேசுறேன். யாரும் தண்ணி குடிக்காதீங்க. அவனை விடாதீங்க. எல்லாருக்கும் அனுப்புங்க!"

 தொட்டி மேல் நிற்பது அப்பா அல்லவா?

தம்பி காலி டம்ளரோடு நின்றான். "அக்கா, நான் இப்பத்தான் குடிச்சேன். செத்துப் போயிடுவேனா?"

"சும்மா இருடா."

"வயிறு வலிக்குது."

"நீ தின்ன தீனிக்கு வலிக்காம என்ன செய்யும்?" என்று அதட்டிவிட்டு, அவன் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி வைத்தாள்.

வெளியே தடதடவென்று ஆட்கள் ஓடினார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். சைக்கிள் கடைக்காரரின் கையில் இரும்புக் கம்பி. அவருக்குப் பின்னால் மெக்கானிக், எதிர்வீட்டு மாமா. எல்லாம் தினமும் பார்க்கும் முகங்கள்தான். இன்றைக்குப் பார்க்கவே பயமாக இருந்தது.

"அவன் தூளைக் கொட்டுனதை நானே பாத்தேன்!" என்று ஒருவர் கத்திக்கொண்டே ஓடினார்.

கொசு கதவைத் தாழிட்டாள். அம்மாவுக்குப் போன் செய்தாள். அம்மா எடுக்கவில்லை. தம்பியோடு கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் அப்பா அந்தத் தொட்டி மேல் எங்கே போய் ஒளிவார்?

யார் இந்த ஆள்? தெரிந்த குரலா? சத்தத்தைக் கூட்டி வைத்து மறுபடி கேட்டாள்.

உடனே தம்பி எழுந்து பின்பக்கம் ஓடினான்.

"எங்கடா ஓடுற?"

"மழை பெய்யுதுக்கா! கொடியில துணி இருக்கு. நனைஞ்சா அம்மா என்னைத்தான் திட்டுவாங்க!"

விஷம் குடித்துச் சாகப்போகிறவனுக்கு வந்த கவலையைப் பாருங்கள்!

பின்கதவைத் திறந்தவன் திருதிருவென்று விழித்தான். வெளியே கண்ணைக் கூசவைக்கும் வெயில். "சத்தம் கேட்டுச்சேக்கா..."

கொசு பதிவை மறுபடி போட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இந்த முறை அவள் பேச்சைக் கவனிக்கவில்லை. பேச்சுக்குப் பின்னால் 'சோ'வென்று மழை கொட்டியது. நடுவில் ஓர் இடியும் இடித்தது.

தம்பியை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

தொட்டியடியில் பூட்டியிருந்த இரும்புக் கதவைக் கூட்டம் உலுக்கிக்கொண்டிருந்தது. அப்பா ஏணியின் நடுவில், கம்பியை இறுகப் பிடித்தபடி நின்றார். அவர் சொன்னது எதுவும் யார் காதிலும் விழவில்லை. யாரோ எறிந்த கல் அவர் தலைக்குப் பக்கத்தில் 'ணங்' என்று பட்டுத் தெறித்தது. தம்பி வீறிட்டு அழுதான்.

"அதுல மழை பெய்யுது! கேளுங்க!" என்று கொசு கத்தினாள். அந்த ஒல்லிக் குரல் எங்கே எடுபடும்? ஒரு முழங்கை அவளை இடித்துத் தள்ளியது. அடுத்த கல் அப்பா மேல் பட்டுவிட்டால்? 

கூட்டத்தின் ஓரத்தில் தையல்கார அக்கா நின்றார். அவர் வாயைத் திறந்தால் அடுத்த தெருவரை கேட்கும். கொசு அவர் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அந்தப் பேச்சு உங்க போன்ல இருக்கா? ஒரு தடவை போடுங்களேன்."

"நேரங்காலம் தெரியாம வந்துட்டியா? போ வீட்டுக்கு!"

"போடுங்கக்கா. அவர் பேசுறதைக் கேக்காதீங்க. பின்னாடி என்ன சத்தம்னு மட்டும் கேளுங்க."

சும்மா விட்டால் அவள் கொசுவா? அக்கா சலித்துக்கொண்டே போட்டுக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.

"நிறுத்துங்கய்யா எல்லாரும்!"

கூட்டம் திரும்பியது.

"இந்த நிமிஷம் தொட்டிக்குக் கீழ நிக்கிறேன்னு சொல்றானே, அவன் தலையில மட்டும் மழை கொட்டுதா? நீங்களே போட்டுக் கேளுங்க!"

ஒவ்வொரு போனாகப் பேசியது. ஒவ்வொன்றுக்குள்ளும் மழை பெய்தது. கேட்டவர்களின் கழுத்தில் வேர்வை வழிந்தது.

"அப்ப இது எங்கேயோ, எப்பவோ பேசினது..." என்று மெக்கானிக் இழுத்தார்.

"மாமா, இது யார் குரல்?" என்று கொசு கேட்டாள்.

சைக்கிள் கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "தெரியலையே. எனக்கு மெக்கானிக்தான் அனுப்பினான்."

"எனக்குத் தையல்கார அக்கா அனுப்பினாங்க," என்றார் மெக்கானிக்.

"எனக்கு அனுப்பினதே இந்த சைக்கிள் கடைக்காரருதான்!" என்றார் அக்கா.

சுற்றிச் சுற்றி வந்ததே தவிர, முதலில் பேசியது யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"அப்ப அந்தத் தூள்?" என்று ஒருவர் விடாமல் கேட்டார்.

"கிருமி மருந்துங்க. வாராவாரம் கலக்குறதுதான்," என்றார் அப்பா. 

சைக்கிள் கடைக்காரரின் கம்பி கீழே விழுந்தது. அப்பா ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். கதவைத் திறந்துவிட்டு, தொட்டிக்குக் கீழே இருந்த குழாயில் கை நிறையத் தண்ணீர் பிடித்துக் குடித்தார்.

வந்தது பொய் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் குழாய்ப் பக்கம் போகவில்லை. பயம் அவ்வளவு லேசில் போகுமா? கொசு போய்க் குடித்தாள். பிறகு தையல்கார அக்கா வந்து மடக் மடக்கென்று குடித்தார்.

"மன்னிச்சுடுங்கண்ணே. நானும் யோசிக்காம அனுப்பிட்டேன்."

"யாருக்கெல்லாம் அனுப்பினீங்களோ, அவங்க எல்லாருக்கும் அது பொய்னு மறுபடி அனுப்புங்கக்கா," என்றாள் கொசு.

அக்கா போனை எடுத்தார். "நான் தையல்கடை அக்கா பேசுறேன். நான் அனுப்பினது பொய். தண்ணி நல்ல தண்ணி. இப்பத்தான் குடிச்சேன். தொட்டிக்கார அண்ணன் ஒரு தப்பும் பண்ணலை."

மற்றவர்களும் தலையைக் குனிந்தபடி தங்கள் போனை எடுத்தார்கள்.

அப்பா வந்து கொசுவின் கையைப் பிடித்தார். வீடு வந்து சேர்ந்த பிறகும் அந்தக் கையை விடவில்லை.