குந்துகடை ஜன்னல்

“வெலிசார் கானெவ். வயசு இருபத்தாறு. சோஃபியா, பெண்கள் சந்தைக்குப் பின்தெரு. நடைபாதையில குந்தியிருக்கேன். நெவெனா அக்கா, இதை நீ மட்டும் படி. அம்மாகிட்ட இப்ப சொல்லாத.”

ஃபோனை இடது கையில் பிடித்து வாயோடு ஒட்டி வைத்துப் பேசினான். பேசப் பேசத் திரையில் எழுத்து ஊர்ந்தது. தட்டியெழுத முடியாது; வலது கைக்கு வேறு வேலை இருந்தது. பனிமூட்டம் தெருவிளக்குகளை மஞ்சள் கறைகளாக்கியிருந்தது. மால்டோவாவில், தரக்லியாவின் கடைக்கோடி வீட்டில், அக்கா இந்நேரம் விறகடுப்பை மூட்டியிருப்பாள். அவளுக்குப் புரிய வேண்டுமானால் பொட்டலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நவம்பர் கடைசியில் ஒருநாள் வேலை முடிந்து அவன் வீட்டுக்கு வந்தபோது சமையலறை மேசையில் அது இருந்தது. கூம்பாகச் சுருட்டிய காகிதத்தில் உப்புப் போட்டு வறுத்த சூரியகாந்தி விதை. தொட்டால் சூடு. அந்தத் தெருவில் விதை வறுக்கிற கடை எதுவும் கிடையாது.

“எங்க வாங்கின?”

“பென்கா அத்தைகிட்ட,” என்றாள் அவன் மனைவி ரலிட்சா, பாத்திரம் கழுவியபடியே.

“யாரது?”

“பக்கத்துக் கட்டடம். கீழ் ஜன்னல்.” சொல்லிவிட்டுத் திரும்பினாள். தான் சொன்னது தனக்கே வேடிக்கையாகப் பட்டதுபோல் சிரித்தாள். “அட, அதை நான் சின்னப் பொண்ணா இருக்கறப்பவே மூடிட்டாங்கல்ல? அப்போ வேற எங்கயோ வாங்கியிருக்கேன். விடு, தின்னு.”

அவனும் தின்றான். நன்றாகத்தான் இருந்தது.

ரலிட்சா அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளோடு நடந்தால் ஒரு கடையைக்கூட நேராகப் பார்க்க முடியாது. சூதாட்டக் கூடத்தின் சிவப்பு வெளிச்சத்தைக் காட்டி, “இங்க பொத்தான் கடை,” என்பாள். ஃபோன் உறை விற்கிற இடத்தில், “இங்க குடை ரிப்பேர், அந்தாளுக்கு மூக்கு இவ்ளோ நீளம்,” என்பாள். முன்பெல்லாம் இந்தப் பக்கத்து வீடுகளின் நிலவறைகளில் கடை வைத்திருந்தார்களாம். நடைபாதையை ஒட்டிக் கணுக்கால் உயரத்தில் ஜன்னல் இருக்கும்; வாங்க வருகிறவர்கள் தெருவிலேயே குந்தி, குனிந்து கேட்க வேண்டும். குந்துகடை என்றே பெயர். வெலிசார் பிழைக்க வந்தபோது அவற்றில் ஒன்றுகூட மிச்சமில்லை. அவன் பார்த்ததெல்லாம் சிவப்பு வெளிச்சமும் ஃபோன் உறைகளும்தான். அதனால் எல்லாவற்றுக்கும் “ம்” போட்டுவைப்பான்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் இருவரும் ஜெர்மனிக்குப் போவதாக இருந்தது. டிக்கெட் வாங்கிய வாரத்திலிருந்து அவள் கடைகளைச் சொல்வது கூடியது. பிறகு சாமான்கள் வர ஆரம்பித்தன. எலும்புப் பொத்தான்கள். மேலுறையில்லாத ஒரு துண்டு சோப்பு. புளிக்கவைத்த தானியக் கூழான போசா, கனத்த கண்ணாடிப் புட்டியில், வெளியே குளிர்ச்சி வியர்த்து வழிய. எல்லாவற்றிலும் ஒரே வாடை: நனைந்த நிலக்கரி, எலிப்புழுக்கை, மண்ணெண்ணெய். அந்த வாடை அவள் கூந்தலிலும் ஏறியது. தலைக்குக் குளித்த பிறகும் போகவில்லை. நாற்காலியில் உட்காருவதை அவள் நிறுத்தினாள். அவன் சாப்பிடும்போது தரையில் குந்திக்கொண்டு, முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றி, அவனைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்துப் பேசினாள்.

“எந்திரி ரலி. மேல உக்காரு.”

“இப்படித்தான் முகம் நல்லாத் தெரியுது,” என்றாள்.

வெலிசார் வேலை பார்த்தது அந்தப் பக்கத்துக் கட்டடத்தில்தான். அதை ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். மேலே இரண்டு மாடி எழுப்ப அடித்தளம் தாங்காது என்று, கோடையிலேயே நிலவறை முழுக்கக் கான்கிரீட் ஊற்றியாயிற்று. குழாயைப் பிடித்திருந்தவன் அவனே. ஊற்ற ஊற்ற உள்ளே இறங்கிக்கொண்டே இருந்தது. மேஸ்திரி திட்டிக்கொண்டே மறுபடியும் லாரியை வரவழைத்தான். கடைசியில் கூரைவரை நிரம்பிவிட்டது. ஆகவே அவனுக்கு நிச்சயமாகத் தெரியும்: தெருப்பக்கம் செங்கல்லால் அடைத்த அந்தச் சின்ன ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பூனை நுழையக்கூட இடம் கிடையாது.

முந்தாநாள் சாயங்காலம் அவளைப் பின்தொடர்ந்தான். ட்ராம் மணிச் சத்தத்தைக்கூட விழுங்குகிற மூட்டம். ரலிட்சா வேகமாக, தாமதமாகிவிட்டவள்போல் நடந்தாள். செங்கல் அடைப்பின் முன்னால் பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக் குந்தினாள். மோதிர விரலை மடக்கித் தட்டினாள்.

கண்ணாடியில் தட்டுகிற சத்தம் கேட்டது.

ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு இருவருக்கும் நடுவே போனது. போனபின் அங்கே சுவர் இருந்தது. அவள் இல்லை.

பெயர் சொல்லிக் கத்தினான். ஓடினான். ஃபோனில் அழைத்தான். மணி அடித்தது. பக்கத்திலேயே. அவன் முழங்காலுக்குக் கீழே, செங்கல்லுக்குப் பின்னால், மெத்தைக்குள் அமுக்கினதுபோல். குந்தி, சுவரில் காதை வைத்தான். அவளுக்குப் பிடித்த அந்தப் பாட்டு மூன்று முறை ஒலித்தது. பிறகு யாரோ அதை நிறுத்தினார்கள்.

காவல் நிலையத்தில் இருந்த இளைஞன் கொட்டாவியை அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டான். “ஜெர்மனி டிக்கெட் வாங்கிட்டேன்னு சொல்ற. அவ உனக்கு முன்னாடியே போயிட்டாளோ என்னவோ. வீட்டுல போய்ப் பாரு தம்பி.”

இன்று மதியம், வீட்டுக் கீழ்த்தளத்துப் போரிமிர் மாமாவைப் படிக்கட்டில் பிடித்தான். அவர் வழக்கம்போல் ரக்கியா என்கிற பழச்சாராயக் கோப்பையோடு வெயில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா, பென்காவோட கடை எப்படி இருந்துச்சு?”

“உனக்கெதுக்குடா அது, மால்டோவாக்காரா? நீ பொறக்கறப்பவே அவ கிழவி. கட்டிக்கப்போறியா?”

“சொல்லுங்க மாமா. ஒண்ணு விடாம சொல்லுங்க. கெஞ்சிக் கேக்கறேன்.”

அவன் முகத்தைப் பார்த்து மாமா கோப்பையை இறக்கினார். சொல்ல ஆரம்பித்ததும் அவருக்கே ருசி தட்டிவிட்டது. “ஜன்னல் சட்டம் பச்சை. ஒரு மூலையில பெயிண்ட் உரிஞ்சு கீழ மஞ்சள் தெரியும். மோதிரத்தால தட்டணும். வெறும் விரலால தட்டினா வரமாட்டா, அவ்ளோ திமிரு! மோதிரம் இல்லாத நாங்க அம்மாவோடத எடுத்துட்டு ஓடுவோம். உள்ள மண்ணெண்ணெய் விளக்கு, தகரத் தட்டுல விதை. முழங்கைவரைக்கும் கை வரும், அப்புறம் மூஞ்சி. அவ்வளவுதான். அவ காலைப் பார்த்தவன் இந்தத் தெருவுல ஒருத்தன் கிடையாது. அவளுக்குக் காலே இல்லனு பந்தயம் கட்டுவோம்.” குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“மூடினப்போ எங்க போனாங்க?”

“ஒருநாள் காலைல பார்த்தா செங்கல் வச்சு அடைச்சிருந்தாங்க. கொத்தனாருங்க வெளியூர்க்காரங்க. அவ எங்கன்னு...” சிரிப்பு வாயிலேயே நின்றது. “நாங்க யாருமே கேக்கல போலருக்குடா. அடுத்த தெருவுல விதை கிடைச்சுது.”

இருட்டுகிற நேரத்தில் வெலிசார் வந்து குந்தினான். அந்தக் கடையை நினைவில் வைத்திருக்கிறவளுக்குத்தான் அது திறந்தது. அப்படியானால் அவனும் நினைவில் வைக்க வேண்டும், ஒருமுறைகூடப் பார்த்திராத ஒன்றை. கண்ணை மூடிக்கொண்டு பச்சையை நினைத்தான். மூலையில் மஞ்சள். விளக்கு. தகரத் தட்டு. எல்லாம் மாமாவின் ஞாபகங்கள், அவனுக்குள் ஒட்டவில்லை. சூதாட்டக் கூடத்துச் சங்கீதம் முதுகில் இடித்தது. குதிகால்கள் மரத்தன. கண்ணீர் வந்தது. வாய்க்குள் உப்பு.

உப்பு.

சூடான விதை. நாக்கில் உப்பு. அது அவனுடையது. அந்தக் கடையிலிருந்து அவனுக்கென்று வந்த ஒன்று.

தன் கல்யாண மோதிரத்தால் தட்டினான்.

கண்ணாடி.

கண்ணைத் திறந்தபோது வெளிச்சம் அவன் காலணிகளின்மேல் விழுந்திருந்தது. பச்சைச் சட்டம். உரிந்த மூலை. மண்ணெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. ஜன்னல் மேல்நோக்கித் திறந்தது. ஒரு கை வந்தது. விரலில் மோதிரம். அவன் போட்ட மோதிரம்.

“என்ன வேணும்?”

“ரலி! நான்தான். வா, வெளிய வா.”

முகம் விளக்கருகே வந்து அண்ணாந்தது. அவள்தான். வாடிக்கைக்காரனைப் பார்க்கிற பார்வை.

“விதையா? போசாவா?”

வலது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்து இழுத்தான். கை வந்தது. முழங்கைவரை. அதற்குமேல் வரவில்லை. அங்கே சாம்பல் நிறம். ஈரம். இன்னும் காயாத கான்கிரீட். அது மெதுவாக, மூச்சு விடுவதுபோல், ஏறி இறங்கியது.

கத்தினான். ஆட்கள் போனார்கள். குந்தியிருந்தவனைச் சுற்றி ஒதுங்கிப் போனார்கள். ஒருவரும் குனியவில்லை.

ஒரு கணம் சட்டத்தின் நிறம் மறந்தது. ஜன்னல் சுருங்கியது. பச்சை, பச்சை என்று முணுமுணுத்தான். விரிந்தது. நிறுத்தினால் சுருங்கும். ஆகவேதான் ஃபோனை எடுத்தான். ஆகவேதான் பேசிக்கொண்டே இருந்தான்.

இப்போது தொண்டை கம்மிவிட்டது. வலது கை குளிர்ந்திருந்தது. குனிந்து பார்த்தான். அவன் விரல்கள் எப்போதோ விரிந்துவிட்டிருந்தன. பிடித்திருந்தது அவள் கை. அவன் சட்டைக் கை, முழங்கைவரை, சாம்பலுக்குள் இருந்தது.

கீழே அவள் புன்னகைத்தாள். “குளிருதுல்ல?” என்றாள். “உள்ள இடம் இருக்கு.”

ஃபோனை உதட்டோடு அழுத்தினான்.

“அக்கா. நீ இல்லன்னாலும் இதைப் படிக்கிறது யாரா இருந்தாலும் சரி. ஜன்னல் சட்டம் பச்சை. மூலையில மஞ்சள். தகரத் தட்டு. விதை சூடா இருக்கும், உப்பு கொஞ்சம் தூக்கல். என் ஒருத்தன் ஞாபகம் பத்தல. தயவுசெஞ்சு நீங்களும் நினைச்சுக்கிட்டே இருங்க. மறந்துடாதீங்க.”