காயாத துணி

ஊருக்குக் கிளம்பும்போது ஃபரீதா பார்த்த ருக்மணி, ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடைப் பெஞ்சில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வீங்கிய கால்விரல்களை ஒவ்வொன்றாக நீவியபடி, ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகும் சில வாரங்கள் இருவரும் ஒரே அறையில் படுத்தார்கள், ஒரே வார்டில் நர்ஸ் வேலை பார்த்தார்கள். ஆனாலும் ருக்மணி என்று நினைத்தால் அந்தப் பெஞ்சுதான் ஃபரீதாவுக்கு நினைவு வரும். அதற்குப் பிறகு இருந்தவளை அவளால் முழுதாக ருக்மணி என்று சொல்ல முடிந்ததில்லை.

எண்பத்தாறாம் வருஷத்துச் சித்திரை அது. ஓசூரில் புதிது புதிதாகத் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். லேத்தில் கை மாட்டியவர்களும், லாரியில் அடிபட்டவர்களும், சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களுமாக வார்டு எப்போதும் நிரம்பி வழியும். நர்ஸ்களோ விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய அளவில்தான்.

"தம்பி கல்யாணத்துக்குப் போறே, பிரியாணியைக் கட்டிக்கிட்டு வாடி" என்றாள் ருக்மணி.

"நாகரசம்பட்டியில இருந்து இங்க வந்து சேர்றதுக்குள்ள ஊசிப்போயிரும்க்கா. மாம்பழம் கொண்டாறேன்."

"எதையாவது கொண்டா. என் விரலைப் பாரு, ராத்திரியெல்லாம் குளத்துல கிடந்தவ மாதிரி." ருக்மணி கையை நீட்டினாள். விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. "மூலைக் கட்டில் அம்மாவுக்கு ஒரே தலைவலி. துணி சூடேறச் சூடேற மாத்திக்கிட்டே இருக்கேன், கேட்க மாட்டேங்குது."

"உன் ஆராய்ச்சியில அதையும் சேர்த்துக்கோ."

"போடி, பஸ் வருது."

ஆராய்ச்சி ருக்மணியுடையது அல்ல. பெங்களூர் நர்சிங் காலேஜிலிருந்து வந்துபோய்க்கொண்டிருந்த சரோஜம்மாள் டீச்சருடையது. ஊசிக்கும் மாத்திரைக்கும் அப்பால், நர்ஸின் வெறுங்கையால் எவ்வளவு வலியைக் குறைக்க முடியும் என்று டீச்சர் பார்க்க நினைத்தார். ஒவ்வொரு நோயாளியையும் "இப்போ எங்கே கஷ்டமா இருக்கு?" என்று கேட்க வேண்டும். சொன்ன இடத்தில் ஈரத்துணி போட வேண்டும், தலையணை கொடுக்க வேண்டும், முதுகைத் தடவிவிட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துக் குறைந்ததா என்று மறுபடி கேட்க வேண்டும். வாரக் கடைசியில் டீச்சர் நர்ஸ்களைப் பார்த்தும் அதே கேள்வியைக் கேட்பார். உடம்பு ஒடிந்து நிற்கும் எல்லோரும் "பரவாயில்லைங்க டீச்சர்" என்பார்கள். மற்றவர்கள் நேரம் கிடைத்தபோது கேட்டார்கள். ருக்மணி மட்டும் ஒரு கட்டிலையும் விடாமல் கேட்டாள்.

ஃபரீதா திரும்பி வந்தது ஒரு மத்தியானம். மாம்பழப் பையோடு நேராக வார்டுக்குத்தான் போனாள். சாப்பாட்டுக்குப் பிந்தைய அசதியில் வார்டே கண்ணயர்ந்திருந்தது. ஃபினாயில் வாசனையும், ஆலைச் சட்டைகளின் எண்ணெய் வாடையும், யாரோ உரித்த சாத்துக்குடியின் மணமும் கலந்து தேங்கி நின்றன. சன்னல் வழியே வந்த காற்று அடுப்புக்கு முன்னால் நிற்பதுபோல் வறண்டிருந்தது. பின்புறக் கொடியில் போட்ட போர்வைகள் அப்பளம்போல் விறைத்துக் கிடந்தன. மூலைக் கட்டில் காலியாக இருந்தது. அதன் தலைமாட்டுக் கம்பியில் ஒரு வெள்ளைத் துணி தொங்கியது. துணியின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, விழாமல் நின்று, பிறகு விழுந்தது. கீழே தரை நனைந்திருந்தது.

"அந்தம்மா வீட்டுக்குப் போயிட்டாங்களாக்கா?"

"நீ போன மூணாம் நாளே போயிட்டாங்கடி" என்றாள் ருக்மணி. அவள் சொன்ன விதத்தில் அது வீட்டுக்குப் போனது அல்ல என்று புரிந்தது. "மாரம்மான்னு பேரு. கடைசி வரைக்கும் துணி போட்டேன். அவங்க தள்ளித் தள்ளி விட்டாங்க, நான் திரும்பத் திரும்பப் போட்டேன். 'மண்ட, மண்ட'ன்னு அந்த ஒத்தை வார்த்தைதான்."

மாம்பழப் பை ஃபரீதாவின் கையிலேயே இருந்தது. "எப்படிச் சொன்னாங்க? அதே மாதிரி சொல்லு."

ருக்மணி சொல்லிக் காட்டினாள். கடைசி எழுத்து, பல்லில் கல் கடிபட்டதுபோல் அழுத்தமாக விழுந்தது. நாகப்பட்டினத்துக்காரி ருக்மணிக்கு அந்த அழுத்தம் கிழவியின் பொக்கை வாயாகத் தோன்றியிருக்கிறது. இந்தப் பக்கத்தில் பிறந்த ஃபரீதாவுக்கு அப்படித் தோன்றவில்லை. மாரம்மா கெலவரப்பள்ளிப் பக்கத்துத் தெலுங்குக்காரி. தெலுங்கு தெரிந்த ஆயா சரசம்மா, மகள் பிரசவத்துக்கு மாலூர் போயிருந்த வாரம் அது.

"அக்கா, அது தலை இல்ல. தெலுங்குல மண்டன்னா நெருப்பு. எரியுது எரியுதுன்னு சொல்லியிருக்காங்க."

ருக்மணி கம்பியில் தொங்கிய துணியைப் பார்த்தாள். சன்னலுக்கு வெளியே லாரிகள் கியர் மாற்றி மேடேறும் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"கையை நீட்டிக்கிட்டே இருந்தாங்கடி" என்றாள் கடைசியில். "என் கையைப் பிடிச்சுக்கத்தான் நீட்டுறாங்கன்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் பிடிச்சிருந்துட்டு, குளிருமேன்னு கம்பளிக்குள்ள திருப்பி வெச்சுட்டேன்."

அந்தக் கையில்தான் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. ரத்த அழுத்தம் இறங்காமல் இருக்கப் போடும் மருந்து. ஊசி நரம்பை விட்டு விலகினால் அது சதைக்குள் கசிந்து சதையையே தின்றுவிடும். கை பலகையோடு கட்டப்பட்டு, கட்டுத்துணிக்குள், கம்பளிக்குள் இருந்தது. வீட்டில் உடம்பைக் கழுவியபோதுதான் மருமகள் பார்த்திருக்கிறாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கரிக்கட்டையாம். எப்படியும் பிழைத்திருக்க மாட்டாள், இதயம் பலவீனம் என்றார் டாக்டர். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

துணி மட்டும் காயவில்லை.

முதலில் ருக்மணிதான் நனைத்து நனைத்துப் போடுகிறாள் என்று ஃபரீதா நினைத்தாள். ஒரு நாள் அதைப் பிழிந்து எடுத்துப் போய், உச்சி வெயிலில், வெறுங்கால் வைக்க முடியாத பின்பக்கப் பாறையில் விரித்தாள். பாறையில் வழிந்த தண்ணீர் கண்ணெதிரே ஆவியானது. துணியைத் தொட்டாள். ஈரம். அடிப்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. பாறையின் சூடாக இருக்கும் என்று மடித்து நிழலில் வைத்தாள். மாலையில் தொட்டபோதும் அதே வெதுவெதுப்பு. காய்ச்சல்காரியின் நெற்றியிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல.

மூலைக் கட்டிலுக்குச் சென்னப்பன் வந்தான். சேலத்துக்காரன், ஆலையில் கால்மேல் இரும்புச் சட்டம் விழுந்து எலும்பு முறிந்தவன். வாய் ஓயாதவன். வெயில் சாய்ந்த நேரம், ஃபரீதா பக்கத்துக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். ருக்மணி அவனருகே நின்று கேட்டாள்.

"இப்போ எங்கே கஷ்டமா இருக்கு?"

"மண்ட."

மெலிந்த, பல்லில்லாத குரல். கடைசி எழுத்தில் கல் கடிபட்டது. ஃபரீதாவின் கையிலிருந்த விரிப்பு நழுவியது. ருக்மணியின் கை, அவளைக் கேட்காமலே கம்பியிலிருந்த துணியை எடுத்து அவன் நெற்றியில் வைத்தது.

"என்னா சிஸ்டர் இது?" சென்னப்பன் துணியைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தான். "ஒடைஞ்சது காலுங்கோ. மேல இருக்கறது பொறந்ததுல இருந்தே காலிங்கோ, அதுக்கு எதுக்கு வைத்தியம்?"

"நீங்கதானே மண்டன்னு சொன்னீங்க?" என்றாள் ஃபரீதா.

"நானா? நான் இன்னும் வாயே தொறக்கலீங்களே!"

அதன் பிறகு ருக்மணி கேட்ட இடத்திலெல்லாம் அதுதான் வந்தது. வயிற்றுவலிக்காரியிடம் கேட்டாலும், அத்திப்பள்ளியிலிருந்து வந்த கன்னட லாரி டிரைவரிடம் கேட்டாலும் வந்தது. அவர்கள் உதடு பிரிவதற்குள், அவர்களுக்கும் அவளுக்கும் நடுவில் எங்கிருந்தோ. ஃபரீதா போய்க் கேட்டால் வயிற்றுவலிக்காரி வயிறு என்றாள், டிரைவர் இடுப்பு என்றான். ருக்மணிக்கு மட்டும் எல்லோரும் ஒரே பதில் வைத்திருந்தார்கள்.

அவளை எப்படியாவது ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்று ஃபரீதா மேட்ரனிடம் போய் நின்றாள். அம்மாவின் கையால் பத்து நாள் சோறு தின்று தூங்கி எழுந்தால் சரியாகிவிடுவாள் என்று அவள் அப்போது நம்பினாள்.

"அவ போனா வார்டை யாரு பாக்கறது? நீ ஒருத்தியே மூணு ஷிஃப்டும் நிப்பியா?" என்றார் மேட்ரன். "அவளே பரவாயில்லைங்கறா. உனக்கென்னம்மா வந்தது?"

சரோஜம்மாள் டீச்சர் வந்தபோது ருக்மணியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உனக்கு எங்கேம்மா கஷ்டம்?"

"பரவாயில்லைங்க டீச்சர்."

அப்படிச் சொன்னபோது ருக்மணி இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். அன்றைக்குத்தான் ஃபரீதா அதைக் கவனித்தாள். பிறகு யோசித்தபோது, பல நாட்களாகவே அந்தக் கையை வெளியே பார்த்த நினைவில்லை.

ருக்மணி கேட்பதை நிறுத்தினாள். கட்டில்களுக்கு நடுவே வாயை இறுக மூடிக்கொண்டு நடந்தாள். ஊசி போட்டாள், ஜுரம் பார்த்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. கேள்வி நின்றது. பதில் நிற்கவில்லை. அவள் தாண்டிப் போகும்போது ஒவ்வொரு கட்டிலிலிருந்தும் மெதுவாக, தூக்கத்தில் புரள்வதுபோல வந்தது. மண்ட. அடுத்த கட்டில். மண்ட. காலியான கட்டிலிலிருந்தும்.

அன்று சாயங்காலம் ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்ததும் கரண்ட் போனது. ஃபரீதா அறைக்கு வந்தபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே அடிப்பிடித்த வாடை. அடுப்பைத் தொட்டாள், சில்லென்று இருந்தது. சோறு தீய்ந்த வாடையும் இல்லை அது. மயிர் பொசுங்கும் வாடை. சன்னலில் மிச்சமிருந்த சாம்பல் வெளிச்சத்தில் ருக்மணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சித்திரைப் புழுக்கத்தில், கழுத்து வரை கம்பளி. நெற்றியில் அந்தத் துணி.

"அக்கா."

மூச்சு மட்டும் கேட்டது. இழுத்து, நின்று, இழுத்து.

"டூட்டிக்கு நான் போறேன். நீ தூங்கு. காலையில முதல் பஸ்ஸுல ஏத்தி விடறேன். மேட்ரன் என்ன சொன்னாலும் சரி."

மூச்சு.

ஃபரீதா கட்டிலோரம் உட்கார்ந்தாள். இவள் எல்லோரையும் கேட்டாள். டீச்சர் வாரத்துக்கு ஒருமுறை கேட்டதைத் தவிர இவளை யார் கேட்டார்கள்? அந்த நினைப்பில்தான் கேட்டாள். வேறு எதையும் அவள் நினைக்கவில்லை.

"எங்கேக்கா கஷ்டமா இருக்கு?"

ருக்மணி திரும்பினாள். கண் திறந்திருந்தது. உதடு அசையவில்லை.

"மண்ட."

இந்தத் தடவை அந்தச் சொல்லின் அர்த்தம் தெரிந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தாள். ஃபரீதா நெற்றியைப் பார்க்கவில்லை. துணியைத் தொடவில்லை. கம்பளியைப் பிடித்தாள். பிஸ்மில்லா என்றாள். விலக்கினாள்.

கை.

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கரி. அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக, பிளாஸ்திரி ஒட்டி உரித்த வெளுத்த பட்டைகள். ஊசியே ஏறாத கை. பலகையில் கட்டிய தடம். கரியின் வெடிப்புகளுக்குள் ஏதோ மெல்லக் கனிந்துகொண்டிருந்தது.

அந்தக் கை எழுந்தது. அவளை நோக்கி நீண்டது.

ஃபரீதா அதைப் பிடித்தாள். திருப்பி வைக்கவில்லை. உள்ளங்கை கொப்பளிக்கக் கொப்பளிக்கப் பிடித்தபடியே கத்தினாள். யார் யாரோ ஓடி வந்தார்கள், டாக்ஸி பிடித்தார்கள், பெங்களூருக்கு விரட்டினார்கள். ஜூஜுவாடி எல்லைச் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தத்தின் நடுவே ருக்மணியின் கை ஃபரீதாவின் கைக்குள் சில்லென்று ஆனது. குனிந்து பார்த்தாள். சாதாரணக் கை. வெளுத்துச் சுருங்கிய விரல்நுனிகள். ஒரு கீறல்கூட இல்லை.

களைப்பு, இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து வந்த அவள் அப்பா, அறையில் இருந்த அவள் பெட்டியைத் திறந்து புடவைகளை எடுத்துக்கொண்டார். அடியில் யாரோ மடித்து வைத்திருந்த அந்தத் துணியை, "இது ஈரமா இருக்கும்மா, காய்ஞ்சதும் யாருக்காவது குடுத்துரு" என்று ஃபரீதாவிடம் நீட்டினார். மேலே இருந்த புடவைகளில் ஈரம் ஏறவில்லை.

ஃபரீதா அந்த வேலையை விட்டு நாகரசம்பட்டிக்கே வந்துவிட்டாள். யாரையும் எங்கே வலிக்கிறது என்று அவள் கேட்பதில்லை. அவள் உள்ளங்கைத் தழும்பைப் பற்றித் தம்பி மனைவி அதியா ஒருமுறை கேட்டாள், பிறகு விட்டுவிட்டாள். துணியைப் பற்றி மட்டும் சித்திரை தோறும் கேட்பாள். "ஏன் அண்ணி, தினமும் இதைத் துவைச்சுப் போட்டுட்டே இருக்கறீங்களா?"

ஃபரீதா அதைத் துவைத்ததே இல்லை. வீட்டுக்குப் பின்னால் இரண்டு மாமரங்களுக்கு நடுவே கட்டிய கொடியில் அது தொங்குகிறது. அதற்கு இரண்டு பக்கமும் போட்ட துணிகள் விறைத்துச் சலசலக்கின்றன. அதன் நுனியில் ஒரு சொட்டு திரள்கிறது, நிற்கிறது, விழுகிறது. தொட்டால் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது.