நட்டின் மேல் நகப்பூச்சு

போன் அலறியது.

எடுத்தேன்.

"சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்... பழைய மாடல்... உங்க வீட்டுக்காரரோடதாம்மா?"

ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அந்தக் குரல் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை!

மலைப்பாதை வளைவில் கார் திரும்பவில்லை. நேராகப் போய்விட்டது... அவரோடு.

காரியங்கள் முடிந்த பின் இன்ஸ்பெக்டர் வந்தார். கூடத்தில் நான். மாடியில் குடியிருக்கும் அக்காவும் அத்தானும். அக்கா என் தோளை விடவே இல்லை.

"விபத்து இல்லம்மா. கொலை!"

"ஐயோ!" அக்கா அலறினாள்.

"இன்ஜினை ஒழுங்கா ஓட வைக்கற டைமிங் பெல்ட்டை யாரோ தளர்த்தியிருக்காங்க. இறக்கத்துல பல் நழுவி இன்ஜின் இறுகிடுச்சு. பின்சக்கரம் ரெண்டும் நின்னுபோச்சு... அந்தக் காரைச் சக்களத்தின்னு சொல்வீங்களாமே?"

"சொல்வேன். லீவு நாள்னா என் முகத்தைப் பார்க்க மாட்டார், அதோட முகத்தைத்தான் துடைப்பார். பொறாமைதான் சார்! அதுக்காகக் கொல்வேனா?"

"பெல்ட் வேலையெல்லாம் யாரு?"

"அவரேதான். யாரையும் தொட விட மாட்டார். அத்தான் டார்ச் பிடிப்பார்... அவ்வளவுதான்."

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, என் வீட்டுக்காரர் பெல்ட்டின் நீளமான பக்கத்தை இரண்டு விரலால் முறுக்கிப் பார்ப்பார். கால்வாசி திரும்பினால் சரி. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் நட்டை இறுக்குவார். நட்டையும் பக்கத்து இரும்பையும் சேர்த்து, என் நெயில் பாலிஷால் ஒரு கோடு! கோடு விலகினால் நட்டு நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். கிளம்பும் முன் அரையிருட்டு ஷெட்டில் குனிந்து அந்தக் கோட்டைப் பார்ப்பார். நேராக இருந்தால் போதும் அவருக்கு.

இன்ஸ்பெக்டர் ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். உள்ளே அந்த நட்டு.

"தளர்த்தினவங்க பழைய கோட்டைச் சுரண்டிட்டு புதுசா போட்டிருக்காங்க. இது உங்க பாலிஷா?"

பார்த்தேன்.

என்னுடையது செர்ரிச் சிவப்பு. இது... காப்பிக்கொட்டை நிறம்!

வேறொரு பெண்ணின் நகப்பூச்சு!

அழுகை சட்டென்று நின்றது. செத்துப்போனவர் மேல் பொறாமை பற்றிக்கொண்டு எரிந்தது. யார் அவள்?

தோள் கனத்தது. திரும்பினேன்.

ஐந்து விரல்... ஐந்து நகம்... காப்பிக்கொட்டை நிறம்!

"அக்கா... நீயா?!"

"பைத்தியமாடி உனக்கு? அந்தக் கார் பக்கம் நான் போனதே இல்ல! என் பாட்டிலையே கொஞ்ச நாளா காணோம்!"

இன்ஸ்பெக்டர் ஒரு குட்டி பாட்டிலை மேஜையில் அக்காவின் முன் வைத்தார்.

"இதுவா பாருங்க. உங்க வீட்டுக்காரரோட ஸ்கூட்டர் பெட்டியில இருந்துச்சு."

அத்தான் எழுந்தார். உட்கார்ந்தார். வியர்த்தார்.

"யாரோ... யாரோ வச்சிருக்காங்க சார்!"

"இருக்கலாம். ஆனா சிவப்பைச் சுரண்டிட்டு பழுப்பைப் பூசின அந்த வடிகட்டின முட்டாளை நேர்ல பார்க்கணும்னு எனக்கு ஆசை!"

"ஷெட்டுல வெளிச்சமே இல்ல சார்... நெயில் பாலிஷ்னா எல்லாமே செவப்புதானேன்னு..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தாமதம்!

"எதுக்குங்க?!" அக்காவின் குரல் உடைந்தது.

"எதுக்கா? 'என் தங்கச்சி புருஷன் நட்டுல கூட பொண்டாட்டி பாலிஷைப் பூசறார், நீங்களும் இருக்கீங்களே'ன்னு தினம் குத்திக்காட்டுவியே! அவன் காரைத் துடைக்கறப்ப மாடி ஜன்னல்ல நிப்பியே! உன் ஒவ்வொரு பார்வையையும் பார்த்துக்கிட்டுதான்டி இருந்தேன்!"

சக்களத்தியின் நெஞ்சிலும் அவர் என் நிறத்தைத்தான் பூசியிருந்தார்... எனக்கு அப்போதுதான் உறைத்தது. யாரிடம் போய்ச் சொல்ல?

விலங்கு மாட்டினார்கள்.

வாசலில் அக்கா குறுக்கே வந்து நின்றாள். பத்து விரலையும் அத்தான் முகத்துக்கு நேராக விரித்தாள்.

"நான் யாரைப் பார்க்கறேன்னு இத்தனை வருஷம் பார்த்தீங்களே... என் நகத்தை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தா, இன்னிக்குத் தப்பிச்சிருப்பீங்களே!"