செவிலிமேட்டு வாடகைச் சிட்டை

சின்ன காஞ்சிபுரத்தில் சடகோபனுக்கு இரண்டு தொழில். ஊராருக்கு இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் நிரப்பிக் கொடுப்பது முதல் தொழில். அதில் ஒளிந்திருக்கும் பொய்யைக் கண்டுபிடிப்பது கூலியில்லாத இரண்டாவது தொழில். முதல் தொழிலை நம்பி வருகிறவர்கள் பலர் இரண்டாவதில் மாட்டிக்கொண்டதுண்டு. அவருக்குத் துணை துரைக்கண்ணு. கோர்ட்டில் முப்பது வருஷம் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவர். கட்சிக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூவியதிலேயே சட்டம் முழுவதும் தமக்குள் இறங்கிவிட்டதாக நம்புகிறவர்.

1969 ஜூன் முப்பது. ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாள். காலை ஒன்பது மணிக்கு சுகுமாரி ஓடிவந்தாள்.

"சாமி, எங்க வீட்டுக்காரரைத் திருடன்னு சொல்றாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வாடகைச் சிட்டை வரலைன்னா போலீசுல குடுத்துடுவாராம் முதலாளி."

"அஜிதநாதனையா?" சடகோபன் பேனாவை மூடினார். பட்டுக்கடை ஆதிகேசவனிடம் இருபது வருஷமாகக் கணக்கு எழுதுகிறவர் அஜிதநாதன். அவர் கணக்கில் ஓர் அடித்தல் திருத்தலைக்கூட சடகோபன் பார்த்ததில்லை.

"முதலாளியோட ரிட்டர்ன எழுதிக்கினு இருந்தாரு சாமி. நேத்து அஞ்சரைக்கு வீட்டுக்கு வந்து சாப்ட்டுட்டு மறுபடி கடைக்குப் போனாரு. எட்டு மணிக்குத் திரும்பி வந்துட்டாரு. காலைல போனா, முதலாளியோட செவிலிமேட்டு வீடுங்களுக்கு வாடகை எழுதி வெக்கிற சிட்டையைக் காணோமாம். வேலை போனா போவுது. திருட்டுப் பட்டத்தோட திருப்பருத்திக்குன்றத்துல எங்க சனங்க முகத்துல எப்படி முழிக்கிறது?"

"துரைக்கண்ணு, சைக்கிளை எடும்."

கடை வாசலில் துணிப்பதாகை கட்டியிருந்தது: 'நாணயம் தவறாத வணிகர் ஆதிகேசவனாருக்குப் பாராட்டு விழா. மாலை ஆறு மணி.' உள்ளே நாணய வணிகர் திண்டில் சாய்ந்திருந்தார். மூலையில் அஜிதநாதன் நின்றிருந்தார். பின்னாலேயே ஓடிவந்த சுகுமாரி வாசற்படியோரம் நின்றுகொண்டாள். புடவை எடுத்துப் போடும் பொன்னுரங்கம் தூணோடு தூணாக ஒட்டியிருந்தான்.

"இந்த ஆதிகேசவன் சர்க்காருக்கு ஒரு பைசா பாக்கி வெச்சவன் இல்ல" என்று அவர் தொடங்கினார். தம்மைப் பெயர் சொல்லித்தான் குறிப்பிடுவார். 'நான்' என்பது சாதாரண மனிதர்களுக்கான சொல். "நாலு வீட்டு வாடகையையும் காட்டணும்னு துடிச்சிக்கினு இருந்தேன். சிட்டை போயிடுச்சி. இனிமே வாடகை இல்லாமதான் ரிட்டர்ன் போடணும். மனசு கொதிக்குது."

கொதிக்கிற மனசுக்கு முகம் ரொம்பக் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று துரைக்கண்ணு நினைத்தார்.

"நேத்து என்ன நடந்தது?" என்றார் சடகோபன்.

"ஏழு மணிக்கு இந்தப் பொன்னுரங்கம் போயிட்டான். ராத்திரில கண்ணு முழிச்சி எழுதறானேன்னு ஏழரைக்கு இந்த ஆதிகேசவனே போண்டா வாங்கியாந்து அஜிதநாதன் கையில குடுத்தேன். கண்ணெதிர்லயே ரெண்டு தின்னான். அப்புறம் கிளம்பிட்டேன். கடையில கடைசியா இருந்தது இவன்தான்!"

"இல்லீங்க, நான் போகும்போது நீங்கதான்..." என்று அஜிதநாதன் வாயெடுத்தார்.

"பேசாதே! தின்ன போண்டாவுக்காவது விசுவாசம் வேணாம்?"

துரைக்கண்ணு துப்புத் தேடப் புறப்பட்டார். மைக்கூட்டை முகர்ந்தார். மேசைக்கு அடியில் தவழ்ந்தார். பொன்னுரங்கத்தின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்காமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது அலமாரி கண்ணில் பட்டது.

"சாமி, நாலாவது தட்டுல அந்த அரக்குப் புடவையப் பாருங்க. மத்ததெல்லாம் தூங்குது, அது மட்டும் என்னமா மின்னுது! எம் பொண்ணு கல்யாணத்துக்கு இந்த மாதிரி ஒண்ணு..."

சடகோபன் அந்தப் புடவையை நெடுநேரம் பார்த்தார். "ஓய், உம்ம கண்ணுக்கு ஒரு நமஸ்காரம்" என்றார்.

பிறகு மூன்று பட்டுப்புடவைகளைப் பிரித்துப் போடச் சொன்னார். "ஆளுக்கு ஒண்ணு மடிச்சுக் காட்டுங்கோ."

பொன்னுரங்கம் கண்மூடித் திறப்பதற்குள் மடித்து வைத்தான். அஜிதநாதன் நிதானமாக, விளிம்புக்கு விளிம்பு ஒட்டி மடித்தார்.

"இந்த ஆதிகேசவன் புடவை மடிக்கிறதா? அதுக்கு ஆளு வெச்சிருக்கேன்!"

"பட்டுச் சக்கரவர்த்தின்னு ஊரே சொல்றது. உங்க கைப்பழக்கத்தை ஒரு தரம் பார்த்தால் எங்களுக்கும் பாக்கியம்."

புகழ்ச்சி கேட்டால் ஆதிகேசவனுக்கு எலும்பு இளகிவிடும். புடவையைத் தூக்கினார், உதறினார், ஒருவழியாகச் சுருட்டி மடித்துத் தட்டி வைத்தார். ஜரிகை முழுவதும் வெளியே பளபளத்தது.

பொன்னுரங்கம் வாயைப் பொத்திக்கொண்டான்.

"ஏன் சிரிக்கிறே?" என்று சடகோபன் கேட்டார்.

"ஜரிகைய உள்ள விட்டுத்தாங்க மடிக்கணும். காத்துப் பட்டா கறுத்துப்பூடும். வேலைக்குச் சேர்ந்த மொத நாளே கத்துக் குடுத்துடுவாங்க."

"அதனால்தான் அலமாரியிலே எல்லாம் தூங்கறது. ஒண்ணே ஒண்ணு மின்னறது. இந்தக் கடையிலே ஜரிகையை வெளியே விட்டு மடிக்கிறவர் ஒருத்தர்தான். அதை இப்போ எல்லாரும் பார்த்தோம். பொன்னுரங்கம், அந்த அரக்குப் புடவையை எடு."

பொன்னுரங்கம் பிரித்தான். மடிப்புக்கு நடுவில் வெள்ளைக் காகிதம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து சிவப்பு அட்டைச் சிட்டை தொப்பென்று விழுந்தது. சுகுமாரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"எவனோ... விரோதி எவனோ..." என்றார் ஆதிகேசவன்.

"விரோதிக்கு போண்டாக் கதை எதுக்கு? அஜிதநாதன் சமணர். இருட்டிப்போனால் ஒரு பருக்கைகூட வாயில் வைக்க மாட்டார். நேத்தும் பொழுதோட வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டுத்தான் வந்தார். ஏழரை மணிக்கு இவர் போண்டா தின்னார்னு சொன்னபோதே உங்க வாக்குமூலம் படுத்துடுத்து. இருபது வருஷம் பக்கத்திலே இருந்தவர் எப்போ சாப்பிடுவார்னு தெரியலை. இருபது வருஷம் விற்ற புடவையை மடிக்கத் தெரியலை. சிட்டை காணாமல் போனால் லாபம் யாருக்கு? நாலு வீட்டு வாடகைக்கு வரி மிச்சம், பழி குமாஸ்தாவுக்கு."

"அப்போ எரிச்சிருக்கலாமே சாமி?" என்றார் துரைக்கண்ணு.

சடகோபன் சிட்டையைப் புரட்டினார். "மூணு குடித்தனக்காரர் பாக்கி வெச்சிருக்கா. எரிச்சுட்டா யாரிடம் எவ்வளவு கேட்கிறது?"

அதற்குள் வாசலில் கூடிவிட்ட கூட்டம் கொல்லென்று சிரித்தது. 'நான்' என்ற சொல் ஆதிகேசவனுக்கு அன்றுதான் வாய்த்தது. "நான் தப்புப் பண்ணிட்டேன், அஜிதநாதா" என்றார், பதாகைக்குக் கீழே நின்று, தெரு கேட்க.

அஜிதநாதன் அரைமணி நேரத்தில் வாடகைப் பக்கத்தை நிரப்பினார். ஆதிகேசவன் கையெழுத்துப் போட்டார். ரிட்டர்னைத் தூக்கிக்கொண்டு துரைக்கண்ணு சைக்கிளில் பறந்தார். கடைசி நாள் கூட்டத்தில் இடித்துப் பிடித்து நின்று, ஐந்து மணி அடிக்கச் சற்று முன்னால் முத்திரை குத்திய ரசீதோடு வெளியே வந்தார். கடைத்தெரு முனையிலேயே இறங்கி, கோர்ட்டு வராந்தாவில் கூவிய அதே குரலில் மூன்று தரம் கூவினார்:

"அஜிதநாதன்! அஜிதநாதன்! அஜிதநாதன்! குற்றமற்றவர்!"

ஆறு மணிக்கு மாலைகளோடு, விழா எடுக்கும் வணிகர் சங்கத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள். நடந்தது அவர்களுக்குத் தெரியாது.

"பாராட்டுப் பத்திரத்த நீதான்பா படிக்கணும்" என்று ஆதிகேசவன் கெஞ்சினார். "வேற யாரு படிச்சாலும் நம்ப மாட்டாங்க."

அஜிதநாதன், முதலாளி மடித்த புடவையை எடுத்து உதறி, ஜரிகையை உள்ளே விட்டு மடித்து, அலமாரியில் அதன் இடத்தில் வைத்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டார்.

"பொழுது இறங்குது முதலாளி. எனக்குச் சாப்பாட்டு நேரம்" என்று சொல்லிவிட்டு, சுகுமாரியோடு தெருவின் நடுவிலேயே நடந்து போனார்.