கப்பல் காரின் பூட்டு

“நாப்பத்தெட்டு, நாப்பத்தொம்பது, அம்பது! ஏலே மானு, வாரேன்!”

பிரெசில்லா கண்ணைத் திறந்தாள். தகரக் கொட்டகைக்குள் தம்பியைக் காணோம். பதினோரு மணி வெயிலில் மேலே தகரம் டக் டக்கென்று சத்தம் போட்டது.

கொட்டகையின் நடுவே அந்தப் பெரிய கார் நின்றது. தங்கச்சிமடத்தில் எல்லாரும் அதைக் ‘கப்பல் கார்’ என்பார்கள். அவ்வளவு நீளம். அறுபது வருஷத்துக்கு முந்தைய சொகுசு கார் அது. கடற்கரைப் பங்களா ஒன்றில் உப்புக் காற்றைத் தின்று தின்று, அப்பளம் மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. பிரெசில்லாவின் அப்பா ஆன்டனி ராஜ்தான் அதை இரண்டு வருஷம் பாடுபட்டுப் பழையபடி ஆக்கியிருந்தார்.

அவர் படகு இன்ஜின் மெக்கானிக். காரைக்கூடப் படகாகத்தான் பார்ப்பார். காரின் முன்பக்கம் அவருக்கு ‘அணியம்’, பின்பக்கம் ‘அமரம்’.

இன்றைக்குச் சாயங்காலம் காரை எடுத்துப்போகப் பரமக்குடியிலிருந்து ராமலெட்சுமி அம்மாள் வருகிறார். காரின் சொந்தக்காரர். முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தார்.

“எங்க அய்யா ஓட்டுனப்ப எப்படி இருந்துச்சோ, அப்படியே வேணும். ஒண்ணு கூடவும் கூடாது, ஒண்ணு குறையவும் கூடாது.”

காருக்கு ஒரு ரப்பர் பட்டை மட்டும் பாக்கி. அதை வாங்க அப்பா காலையிலேயே ராமநாதபுரம் போய்விட்டார். அம்மா மகளிர் குழுக் கூட்டத்துக்காக ராமேஸ்வரம் போயிருந்தாள்.

“தம்பியைப் பாத்துக்க பிரசி. பக்கத்துப் பட்டறையில கூத்தையா மாமா இருக்காரு” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பிரெசில்லா வலைக் குவியலுக்குப் பின்னால் பார்த்தாள். டயர்களுக்குள் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டிக்குள்ளும் எட்டிப் பார்த்தாள்.

டொம். டொம்.

எங்கிருந்து?

டொம். டொம். டொம்.

“அக்கா…”

கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது அந்தக் குரல்.

“மானு! எங்கலே இருக்க?”

“டிக்கிக்குள்ள. தொறக்க மாட்டேங்குதுக்கா.”

பிரெசில்லா காரின் பின்பக்கம் ஓடினாள். புதுப் பெயிண்ட் வாசனை போகட்டும் என்று அப்பா காலையில் டிக்கியைத் திறந்து வைத்திருந்தார். இப்போது அது மூடிக் கிடந்தது.

இரண்டு வருஷமாக அந்த டிக்கிதான் அவர்கள் ஒளிந்து விளையாடும் இடம். அவளே எத்தனையோ தடவை அதற்குள் ஒளிந்திருக்கிறாள். பூட்டு துருப்பிடித்திருந்ததால் மூடி எப்போதும் பூட்டிக்கொள்ளாது. தள்ளினால் திறந்துவிடும். ஆனால் நேற்று ராத்திரிதான் அப்பா பூட்டைக் கழற்றி, தேய்த்து, எண்ணெய் போட்டு மாட்டினார். எண்ணெய்க் குப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதே பிரெசில்லாதான்.

“புதுசு மாதிரி ஆயிருச்சு பாரு!” என்று அப்பா சிரித்தது நினைவுக்கு வந்தது.

அவள் மூடியைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. காலை ஊன்றி இன்னொரு தரம் இழுத்தாள். ம்ஹூம்.

சாவி அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. அப்பா ராமநாதபுரத்தில் இருந்தார்.

“அக்கா, இருட்டா இருக்கு. சுடுது” என்று மானு அழ ஆரம்பித்தான். ஆறு வயது அவனுக்கு.

“மாமா! கூத்தையா மாமா!”

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வெல்டிங் பட்டறையிலிருந்து கூத்தையா லுங்கியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார்.

“என்னத்தா? பாம்பா?”

“மானு டிக்கிக்குள்ள மாட்டிக்கிட்டான் மாமா! அப்பாவுக்குப் போன் போடுங்க!”

கூத்தையா அவசர அவசரமாக எண்ணை அழுத்தினார். உடனே மணி அடித்தது. அவர்களுக்குப் பின்னால், அலமாரியில், சார்ஜருக்குப் பக்கத்திலேயே அடித்தது.

“அடப் பாவி மனுசா! போனை வச்சிட்டுப் போயிட்டானே!” கூத்தையா தலையில் அடித்துக்கொண்டார். “பிள்ளைக்கு மூச்சு முட்டிருமே…”

“ஸ்ஸ்! மாமா, அவனுக்குக் கேக்கும்!”

ஆனால் அந்தச் சொல் அவள் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மூச்சு முட்டிரும். மூச்சு முட்டிரும்.

“இரு, கேஸ் கட்டரை எடுத்தாரேன். ரெண்டே நிமிசம். பூட்டை அறுத்துருவோம்!”

அவர் சிலிண்டர் வண்டியைக் கடகடவென்று உருட்டி வந்தார். பர்ரென்று நீல நெருப்பு சீறியது.

டிக்கிக்குக் கீழே என்ன இருக்கிறது? பிரெசில்லாவுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

“மாமா, நிறுத்துங்க! பெட்ரோல் டேங்க் அங்கனதான் இருக்கு! நேத்துதான் அப்பா அஞ்சு லிட்டர் ஊத்துனாங்க!”

கூத்தையா நெருப்பை அணைத்துவிட்டுப் பின்னால் துள்ளினார். முகம் சாம்பலாகிவிட்டது.

“ஆத்தாடி… நல்ல வேளை. இப்ப என்ன செய்ய?”

பெரியவருக்கே தெரியவில்லை. அதுதான் பிரெசில்லாவுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. ஓடிப் போய் எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

“அக்கா… போயிட்டியா?”

“போகலைடா. இங்கனதான் இருக்கேன்.” குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். “அழாத. அழுதா இன்னும் வேர்க்கும். நம்ம விளையாட்டை மாத்திக்குவோம். நீ இருபது மீன் பேரு சொல்லணும். மெதுவா, ஒண்ணு ஒண்ணா. அதுக்குள்ள நான் வந்துருவேன்.”

“இருபதா?” மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “நெத்திலி…”

அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். சுவரில் ஆணியில் அவளுடைய நோட்டு தொங்கியது. அட!

காரைப் பிரித்த நாட்களில் அப்பா கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டார். சிரட்டைக்கு நம்பர் போட்டு, எந்தப் பாகம், எப்படிக் கழற்றினோம் என்று நோட்டில் எழுதியது பிரெசில்லா. அப்பாவுக்கு எழுத்துக் கொஞ்சம் தகராறு.

அவள் பக்கங்களைப் புரட்டினாள். அவசரத்தில் இரண்டு பக்கம் கிழிந்தது.

‘சிரட்டை 31. பின் சீட்டு. அடி மெத்தையை உள்ளே தள்ளித் தூக்கணும். சாய்மானம்: கீழே ரெண்டு போல்ட். மேலே கொக்கி. பின்னால் அட்டைப் பலகை, எட்டு திருகு. அதுக்கு அந்தப் பக்கம் அமரம்.’

அமரம் என்றால் டிக்கி!

“மாமா, சீட்டுக்குப் பின்னால அட்டைதான்! உள்ள வழி இருக்கு! ஸ்பானரும் திருப்புளியும் எடுங்க!”

“சீட்டையா? உங்கப்பன் அதுல ஈயைக்கூட உக்கார விடமாட்டானே!”

வெள்ளைத் தோல் சீட்டு. ஒரு விரல் ரேகை பட்டாலும் தொலைத்துவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார். பிரெசில்லா தன் கைகளைப் பார்த்தாள். இரண்டிலும் கருப்பு மசகு அப்பியிருந்தது.

ஒரு நொடிதான். கதவைத் திறந்து சீட்டின் மேல் முட்டி போட்டு ஏறினாள்.

“சூடை… காரல்… முரல்…”

இரண்டு பேருமாக அடி மெத்தையைத் தள்ளித் தூக்கினார்கள். வந்துவிட்டது. கூத்தையா குப்புறப் படுத்து போல்ட்டை முறுக்கினார். ஒன்று கழன்றது. இன்னொன்று கழல மறுத்தது.

“பாரை… விளை… சீலா…” மானுவின் குரல் மெலிந்துகொண்டே வந்தது. “கணவாய் மீனாக்கா?”

“கணக்குல சேத்துக்கடா!”

இரண்டாவது போல்ட் கிறீச்சென்று கழன்றது. சாய்மானத்தை மேலே தூக்கிக் கொக்கியிலிருந்து விடுவித்தார்கள். அட்டைப் பலகை தெரிந்தது. பிரெசில்லா திருப்புளியை வைத்துத் திருகினாள். ஒன்று. இரண்டு. மூன்று. வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது.

“பத்தொம்பது… நண்டு…”

அதோடு குரல் நின்றுவிட்டது.

“மானு?”

நான்காவது திருகும் கழன்றது.

“மானு! இருபது சொல்லு!”

ஒரு சத்தமும் இல்லை. கூத்தையா “சாமி, சாமி” என்று முணுமுணுத்தார். பிரெசில்லா ஐந்தாவது திருகைக் கழற்றினாள். ஆறாவது திருகில் திருப்புளி வழுக்கி விரலைக் கிழித்தது. அதை அவள் கவனிக்கவே இல்லை. மிச்சம் இரண்டு திருகுக்கும் பொறுக்காமல் அட்டையின் ஓரத்தைப் பிடித்து வளைத்து இழுத்தாள்.

உள்ளே வெளிச்சம் பாய்ந்தது.

மானு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி வேர்த்திருந்தான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தான்.

“ஏலே, ஏன்டா பேசல?”

“இருபதாவது மீனை யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.”

பிரெசில்லாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவனை அந்தச் சந்து வழியாக வெளியே இழுத்தாள். கூத்தையா அவனைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நிழலில் உட்கார்த்தி, முகத்தைக் கழுவி, ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார்.

“டிக்கிக்குள்ள போகலாமாலே?” என்று அதட்டினார்.

“சீட்டுல உக்காரக் கூடாதுன்னுதான் அப்பா சொன்னாங்க. டிக்கியைச் சொல்லவே இல்லையே!”

மத்தியானம் அப்பா வந்தார். நடந்ததைக் கேட்டதும் கையிலிருந்த ரப்பர் பட்டை கீழே விழுந்தது. அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார். மானுவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். வெள்ளைச் சீட்டில் கருப்பாக ஒரு கை பதிந்திருந்தது. அதைப் பார்த்தார். திட்டவில்லை.

“அப்பா,” என்றாள் பிரெசில்லா, “உள்ள இருந்து இழுத்தா பூட்டு தொறக்குற மாதிரி ஒரு கயிறு கட்டலாமா?”

“ஒண்ணு கூடவும் கூடாதுன்னு அந்தம்மா சொல்லிருக்காகளே…” அப்பா மானுவின் தலையைத் தடவினார். “சரி. ஏசுனா ஏசட்டும். கட்டுவோம்.”

சீட்டையும் அட்டையையும் மறுபடி மாட்டி முடித்தபோது, சாயங்காலம் ராமலெட்சுமி அம்மாள் வந்தார். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகாத ஒற்றை விரல் ரேகையைக் குனிந்து பார்த்தார். பிறகு டிக்கியைத் திறக்கச் சொன்னார்; அப்பா சாவி போட்டுத் திறந்தார். உள்ளே வலைக் கயிற்றின் நுனியில் ஓர் ஆரஞ்சு நிற மிதப்புக் கட்டை தொங்கியது.

“இது என்னது? எங்க வண்டியில இது கிடையாதே!”

 பிரெசில்லா முன்னால் வந்து, காலையில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். விரல் ரேகை தன்னுடையதுதான் என்பதையும் சொன்னாள்.

அந்த அம்மாள் மானுவைப் பார்த்தார். மிதப்பைப் பார்த்தார்.

“இது வேலை செய்யுமா?”

“இப்பவே காட்டுறேன்!” என்றார் அப்பா. யாரும் தடுக்கும் முன்பு டிக்கிக்குள் ஏறிச் சுருண்டு படுத்து, மூடியைப் படக்கென்று மூடிக்கொண்டார்.

“ஆன்டனி!” கூத்தையா பதறினார். “சாவி எங்கய்யா?”

உள்ளேயிருந்து குரல் மெல்ல வந்தது.

“என்… சட்டைப் பையில.”

கூத்தையாவுக்கு வேர்த்துக் கொட்டியது. ராமலெட்சுமி அம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டார். பிரெசில்லா மட்டும் மூடிக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னாள்.

“அப்பா, மிதப்பைப் பிடிச்சு இழுங்க.”

க்ளிக்!

மூடி திறந்தது. அப்பா தலையைத் தடவிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். ராமலெட்சுமி அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“இருக்கட்டும், இருக்கட்டும். மிதப்பும் இருக்கட்டும், ரேகையும் இருக்கட்டும்.”

எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கப்பல் கார் பாம்பன் பாலம் வழியாக ஒரு சுற்றுப் போனது. மானு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, கடல் காற்றை வாய் நிறைய விழுங்கினான். பாலத்தின் நடுவே வந்ததும் துள்ளிக் குதித்தான்.

“அக்கா! திருக்கை! இருபதாவது மீன் திருக்கை!”