பத்து மணிக்கு நடந்து போகலாம்

அந்தப் பெண் உட்காரவில்லை. தம்பியின் முதுகுப்பையை நெஞ்சோடு அணைத்தபடி வாசலிலேயே நின்றாள். பையின் மடிப்புகளில் கடல் உப்பு வெள்ளை பூத்திருந்தது.

“போலீஸ் கேஸை மூடிட்டாங்க சார். ‘புத்தியில்லாம கடல்ல இறங்கினான்’னு எழுதிட்டாங்க. எங்கப்பாவும் அதையே சொல்றார். என் தம்பி செருப்பு வாங்கப் போனாக்கூட நாலு பேரைக் கேட்டுட்டுத்தான் போவான். அவன் முட்டாள்தனமா சாகலைன்னு யாராவது சொன்னாப் போதும்.”

துப்பறிவாளரை எல்லோரும் ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய உதவியாளருக்கு அதனாலேயே ‘அவசரம்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவசரம் அதற்குள் தீவுக்கு அடுத்த படகு எப்போது என்று விசாரித்துவிட்டாள்.

தீவில் அந்தத் தம்பி தங்கிய விடுதி, மாடியில் ஒரே கூடம். அடுக்குக் கட்டில்கள், கம்பியில் ஈரத் துண்டுகள். ஒரு சுவர் முழுக்கத் தாள்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தாள். போய்வந்தவர்கள் அடுத்து வருபவர்களுக்காக எழுதி வைப்பது.

“போய்வந்தவங்க மட்டும்தான் எழுதணும். தேதி, நேரம் போடணும், பேர் கூடாது. முன்னாடி பேர் எழுத விட்டேன், சுவரெல்லாம் காதல் கடிதம் ஆயிடுச்சு” என்றாள் விடுதிக்காரம்மா. முழங்கால் வலியால் அவள் மாடிப்படி ஏறுவதே அபூர்வம்.

எதிரே தெரிந்த குட்டித்தீவுக்கான தாளில் நான்கே வரிகள். மூன்றாம் தேதி: காலை பத்து மணிக்கு மணல்திட்டு வெளியே தெரியும், நடந்து போகலாம். நான்காம் தேதி: பத்து ஐம்பது, அருமை. ஆறாம் தேதி: பன்னிரண்டரை, கால் நனையவில்லை. பதினான்காம் தேதி: பத்துக்குப் போய் ஒரு மணிக்குத் திரும்பினேன், கணுக்கால் அளவுதான் தண்ணீர்.

தம்பி வந்தது பதினான்காம் தேதி மாலை. மறுநாள் பத்து மணிக்கு இறங்கினான். பிற்பகலில் உடல் ஒதுங்கியது.

“முதல் மூணு பேரும் நாளுக்கு நாள் லேட்டா எழுந்திருக்காங்க சார். லீவுன்னா அப்படித்தான்” என்றாள் அவசரம்.

நிதானம் சிரிக்கவில்லை. “மூணு பேரும் ஒரே கணக்கா எப்படி சோம்பேறியானாங்க?”

பதினான்காம் தேதி இருந்த விருந்தினர் இருவரும் இன்னும் கிளம்பவில்லை. ஒருத்தி கேமராக்காரி, இரண்டாம் தேதி வந்தவள். “நாலாம் தேதி வரி என்னோடது” என்று கேட்பதற்கு முன்பே சொன்னாள். இன்னொருவர் தாடிக்காரர், பன்னிரண்டாம் தேதி வந்தவர். ஒன்பது வருடமாகத் தீவு தீவாகச் சுற்றுபவர். அவசரம் பையை இறக்குவதற்குள், “அந்தக் கட்டில் வேணாம்மா, மூட்டைப்பூச்சி. ஜன்னலோரம் போங்க” என்று ஆலோசனை வந்துவிட்டது.

நிதானம் எல்லோரையும் உட்காரவைத்தார். அவர்களோடு படகில் வந்திருந்த அந்த அக்கா மட்டும் நின்றாள்.

“கடல் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை வத்தும், ரெண்டு தடவை ஏறும். அதை இழுக்கறது நிலா. நிலா தினமும் சுமார் அம்பது நிமிஷம் தாமதமா வரும், அதனால கடலும் தாமதமாகும். மூணாம் தேதி பத்து மணி, நாலாம் தேதி பத்து அம்பது, ஆறாம் தேதி பன்னெண்டரை. பிந்தினது ஆளுங்க இல்ல, கடல்.”

அவசரம் விரல்விட்டு எண்ணினாள். “அப்போ பதினாலாம் தேதி... பதினோரு நாள், ஒன்பது மணி நேரத்துக்கு மேல தள்ளிப்போகும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேலதான் வத்தும்!”

“அதுக்கு ஆறு மணி நேரம் முன்னாடி?”

“பகல் ஒரு மணி...” அவள் குரல் இறங்கியது. “கடல் முழுசா ஏறி நிக்கும்.”

“அந்த ஒரு மணிக்குத்தான் கணுக்கால் தண்ணியில திரும்பி வந்ததா எழுதியிருக்கு. அன்னைக்கு யாரும் போகல. எழுத மட்டும் செஞ்சாங்க. இந்தம்மா ஒருதடவை போனவங்க, அன்னைக்கு வரைக்கும் பன்னெண்டு நாளா இந்தக் கரையில படம் எடுத்தவங்க. பொய் எழுதினாக்கூடப் பத்து மணின்னு எழுத மாட்டாங்க. இதை எழுதினவர் முதல் வரியைப் பார்த்து அப்படியே காப்பியடிச்சவர், கடலைப் பார்க்காதவர்.”

எல்லோர் கண்களும் தாடிக்காரர் பக்கம் திரும்பின. அவர் தரையைப் பார்த்தார்.

“அன்னைக்கு உடம்பு அசதி, தூங்கிட்டேன். ஒன்பது வருஷம் சுத்தினவன் இங்க போகலையான்னு யாராவது கேட்டா... ஒரு வரிதானே சார். அந்தத் தம்பி தண்ணியைப் பார்க்காமலா இறங்கினார்?”

“பார்த்தார். மறுநாள் காலையில ஏழரைக்கே கடல் வத்தி முடிஞ்சாச்சு; பத்து மணிக்கு அது ஏற ஆரம்பிச்சு ரெண்டரை மணி நேரம். கரைகிட்ட சரியா கணுக்கால் அளவு தண்ணி. நீங்க கற்பனையில எழுதினது அவர் கண்ணு முன்னாடி நிஜமா இருந்தது. விசாரிச்சார், சரிபார்த்தார், ரெண்டும் பொருந்துச்சு. அதனாலதான் இறங்கினார். நடுவுல போனப்போ திரும்ப வழி இல்ல.”

அக்கா அப்போதுதான் உட்கார்ந்தாள். முதுகுப்பையில் முகத்தைப் புதைத்து வெகுநேரம் அழுதாள். பிறகு தலை நிமிர்த்தித் தாடிக்காரரைக் கேட்டாள்:

“அண்ணே, போகாமலே இப்படி வேற எத்தனை இடத்துல எழுதியிருக்கீங்க?”

அவர் உதடு எண்ணுவதுபோல் அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது.

விடுதிக்காரம்மா தொலைபேசியைத் தூக்கி வந்து அவர் மடியில் வைத்தாள். அவர் அப்படி எழுதிவைத்த முதல் விடுதியில் தாளைக் கிழித்துவிடுவதாகச் சொன்னார்கள். இரண்டாவதில் யாரும் எடுக்கவில்லை. மூன்றாவதில் அவர் தன்னை இன்னாரென்று சொல்லி, எந்தத் தாள், எந்த வரி என்றும் சொன்னார். மறுமுனையில் பேசியது அவசரத்துக்குக் கேட்கவில்லை. தாடிக்காரர் கேட்டது மட்டும் கேட்டது:

“எப்போ? ... எத்தனை பேர்?”